வேலூர் பார்க்க வர எந்தப் பருவம் சரி?

மதுரையிலிருந்து சித்தி மகள் தொலைபேசியில் பேசினாள். "அண்ணா, அம்மா ஸ்ரீபுரம் பொற்கோயில் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. இல்லையென்றால் அரையாண்டு விடுமுறை. எப்போது வரட்டும்?"

வேலூரில் குடியிருக்கும் எல்லோருமே ஆண்டுக்கு நாலைந்து முறை பதில் சொல்லும் கேள்வி இது. "மே மாதம் மட்டும் வராதே, வெயில் கொளுத்தும்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவதுதான் வழக்கம். அது பாதிப் பதில். கத்திரி முடிந்துவிட்டது என்று நம்பி ஜூனில் வந்து வாடிப் போனவர்களை எனக்குத் தெரியும். குளிர்ச்சியாக இருக்கும் என்று நவம்பரில் வந்து, லாட்ஜ் அறை ஜன்னல் வழியே இரண்டு நாள் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களையும் தெரியும். அதனால் இந்த முறை உட்கார்ந்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல்வழக்கு உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். கடைசியாகச் சொன்னது 1981-இல் பொய்யானது. அந்த ஆண்டுதான் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குள் மீண்டும் எழுந்தருளினார். நீரில்லா ஆறு 2021 நவம்பரில் பொய்யானது. பாலாறு இரு கரையும் புரள ஓடியது. மரமில்லா மலை என்பது மட்டும் ஊரைச் சுற்றி இன்றும் பெருமளவு உண்மை. பயணத்துக்கு நாள் குறிப்பவர் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். நகரத்தை ஒட்டி நிற்பவை மொட்டைப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல மெல்ல ஊருக்குள் இறக்கிவிடுகின்றன. கோட்டையும் கருங்கல், கோயில் தளமும் கருங்கல்.

எதை வைத்து முடிவு செய்வது

வெயில் எத்தனை டிகிரி என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். நான் ஐந்தைப் பார்ப்பேன்.

முதலாவது, நண்பகல் தரை. இங்கே பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டியவை. காற்றின் வெப்பம் தாங்கக்கூடியதாக இருக்கும்போதே கல் தாங்க முடியாததாகிவிடும்.

இரண்டாவது, இரவுத் தூக்கம். பகலில் அலைந்தவர் இரவில் தூங்கவில்லை என்றால் மறுநாள் திட்டம் முழுவதும் போயிற்று.

மூன்றாவது, மழை எந்த நேரத்தில் பெய்கிறது என்பது. மாலை ஒரு மணி நேரம் கொட்டி ஓய்கிற மழை பயணத்துக்குத் துணை. மூன்று நாள் விடாமல் தூறுகிற மழை பயணத்தைக் கெடுக்கும். மாதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

நான்காவது, கூட்டமும் அறையும். இதில் வேலூர் மற்ற சுற்றுலா ஊர்களிலிருந்து மாறுபட்டது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ ஆண்டு முழுவதும் மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் நோயாளிகளும் உடன் வந்தவர்களும் வாரக்கணக்கில் தங்குவார்கள். ஆகவே 'சீசன் இல்லாத நேரம், அறை மலிவாகக் கிடைக்கும்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஐந்தாவது, உடன் வருபவர் யார் என்பது. எழுபது வயது அம்மாவுக்கும் இருபது வயதுக் கல்லூரி மாணவருக்கும் ஒரே பருவத்தைச் சொல்ல முடியாது.

தை, மாசி: ஜனவரி நடு முதல் மார்ச் தொடக்கம் வரை

என்னைக் கேட்டால், முதல் முறை வருபவர்களுக்கும் முதியவர்களோடு வருபவர்களுக்கும் இதுதான். வானம் தெளிந்திருக்கும். மழை அரிது. விடியற்காலையில் சால்வை தேவைப்படும். பத்து மணிக்கு அதை மடித்துப் பையில் வைத்துவிடலாம். மதியத்திலும் கோட்டைக் கோயிலின் வெளிப் பிரகாரத்தில் பதறாமல் நடக்கலாம். கல்யாண மண்டபத்தின் தூண்களை, யாளியின் வாய்க்குள் உருளும் கல் வரை நிதானமாகப் பார்க்க இந்தக் காலத்தில்தான் முடியும். மற்ற மாதங்களில் அங்கே நிழலைத் தேடி ஒதுங்குவதிலேயே கவனம் போய்விடும்.

மலைக்குப் போகிறவர்களுக்கும் இது நல்ல காலம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் உள்ளது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். மேகம் இருந்தால் போன பயன் பாதியாகிவிடும். மேகம் குறைந்த மாதங்கள் இவை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று சும்மா சொல்லவில்லை. அதிகாலையில் நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டிய பகுதிகளில் மூடுபனி இறங்கும். சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ காரில் வருபவர்கள் ஆறு மணிக்கு வேலூரில் இருக்க வேண்டும் என்று நள்ளிரவில் கிளம்ப வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் எட்டு மணிக்குமேல் வெளியே போவது நல்லது.

பொங்கலுக்குப் பிறகு இங்குள்ள கிராமங்களில் காளை விடும் விழா தொடங்கிவிடும். அன்று அந்தக் கிராமச் சாலை உங்களுக்கு இல்லை. வள்ளிமலைக்கோ அமிர்திக்கோ போவதானால், 'இன்று வழியில் எங்காவது மாடு விடுகிறார்களா' என்று ஆட்டோக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று மயானக் கொள்ளை. மகா சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்று மணலில் நடக்கும் இந்த விழாவை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். நீரில்லா ஆறு அன்று ஒரு திடலாகிவிடுகிறது. அங்காளம்மன் தேர்கள் ஒவ்வொன்றாக மணலுக்குள் இறங்கும். காளி வேடம் போட்டவர்கள் நடுவே ஆடி வருவார்கள். சுண்டலும் கொழுக்கட்டையும் நாணயமும் கூட்டத்தின் மீது வந்து விழும். வேண்டுதலுக்காக அதைப் பிடிக்கக் கைகள் நீளும். அதைப் பார்க்கவென்றே வரலாம். ஆனால் அன்று வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையே போக்குவரத்து நெரிசல் கடுமையாக இருக்கும். அன்று மாலை ரயில் பிடிக்க வேண்டியவர்கள் மதியமே காட்பாடி போய்விடுவது நல்லது.

சிவராத்திரியோடு பனி 'சிவ சிவா' என்று ஓடிவிடும் என்பார்கள். அதன் பிறகு வெயில் ஏறுவது நாளுக்கு நாள் தெரியும்.

சித்திரை முதல் ஆனி வரை: ஏப்ரல், மே, ஜூன்

பள்ளி விடுமுறை என்ற ஒரே காரணத்தால் மிக அதிகமான குடும்பங்கள் வருவது இப்போதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். 'வேலூரில் வெயில் சதமடித்தது' என்ற செய்தித்தாள் வரி பாரன்ஹீட் கணக்கு. மார்ச் கடைசியிலேயே அதைப் படிக்கத் தொடங்கிவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் அத்தை திருநெல்வேலியிலிருந்து மே மாதத்தில் வந்தார். வெயில் பழக்கப்பட்டவர்தானே என்று நானும் பதினோரு மணிக்குக் கோட்டைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு பத்தடி நடந்திருப்பார். கோபுர நிழல் முடிந்த இடத்தில் நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். பூ விற்கும் அம்மா ஒருவர் தன் ஈரச் சாக்கை எடுத்துவந்து தரையில் விரித்தார். அதன்மேல் நடத்தி உள்ளே கொண்டுபோனோம். தரிசனம் முடிந்து வந்த பிறகும் அத்தையின் பாதம் சிவந்துதான் இருந்தது. பத்து நிமிடம் முன்யோசனை இருந்திருந்தால் அந்த வேதனை இருந்திருக்காது. அதே கோயிலில் காலை ஏழு மணிக்குத் தரை குளிர்ந்து கிடக்கும்.

இரவும் எளிதல்ல. அதே முறை அத்தைக்கு ஒரு லாட்ஜின் மேல்மாடியில் அறை எடுத்தோம். வாடகை குறைவு. மொட்டை மாடிக் கான்கிரீட் நேராகத் தலைக்குமேல். இரவு பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. மேலே தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர். ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது, சுவர் ஆறவே இல்லை. கோடையில் அறை எடுப்பவர்கள் கட்டிடத்தின் கடைசி மாடியைத் தவிர்க்க வேண்டும். முதல் தளமோ இரண்டாம் தளமோ கேட்டு வாங்குங்கள். மருத்துவத்துக்கு வருபவர்கள் பருவம் பார்த்து வர முடியாது. அவர்களுக்கு இந்த ஒரு யோசனை எல்லாவற்றையும் விட உதவும்.

கோடையின் உண்மையான விலை பணத்தில் மட்டும் இல்லை. காலை பத்தரை முதல் மாலை நான்கரை வரை கையில் இருக்கும் நேரமே போய்விடுகிறது. இரண்டு நாள் பயணம் என்றால் பயன்படுவது ஒரு நாள்தான். அதைக் கணக்கில் வைத்து ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கும். நடந்து போகக்கூடிய தூரத்துக்கும் ஆட்டோ தேவைப்படும்.

இவ்வளவுக்கும் பிறகு மேயில்தான் வர முடியும் என்றால், வரலாம். காலை ஏழு மணிக்குக் கோட்டை. மாலை ஐந்து மணிக்கு மேல் ஸ்ரீபுரம். பொற்கோயிலுக்குப் போகும் நட்சத்திர வடிவப் பாதைக்கு மேற்கூரை இருப்பதால் மற்ற இடங்களைவிட அங்கே பாதிப்பு குறைவு; விளக்கொளியில் தங்கத் தகடுகளைப் பார்ப்பதும் பகலைவிட அழகு. இடைப்பட்ட நேரத்தை அறையில் கழியுங்கள். நுங்கு, கேழ்வரகுக் கூழ் இரண்டும் தெருவிலேயே கிடைக்கும். பிள்ளைகளுக்கு மலை வேண்டுமென்றால் ஜோலார்பேட்டைப் பக்கம் ஏலகிரி இருக்கிறது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியின் குளிரை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, இரவு நிம்மதியாகத் தூங்கலாம். வார நாளில் போங்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவுகளில் வண்டிகள் வரிசையில் நிற்கும்.

கோடையில்தான் பார்க்க முடியும் என்று இரண்டு விழாக்களும் உண்டு. சித்ரா பௌர்ணமி இரவில் வேலூரில் புஷ்பப் பல்லக்கு. பகல் வெயில் இறங்கிய பிறகு பூவாலேயே கட்டிய பல்லக்குகள் தெருத்தெருவாக வருகின்றன. அந்த ஓர் இரவுக்காகக் கோடையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நான் மனதாரச் சொல்வேன். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். அது பகலில், கத்திரியின் நடுவில், பெருங்கூட்டத்தில். முதியவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

ஜூனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கேரளத்தில் மழை தொடங்கிவிட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு இங்கும் குளிர்ந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மேற்குக் காற்று மலைகளில் மழையை உதிர்த்துவிட்டு, வறண்டு சூடேறி இந்தப் பக்கம் இறங்குகிறது. ஜூனிலும் சதம் அடிக்கும். எப்போதாவது ஓர் இடி மழை வந்து ஆற்றுப்படுத்தும். அதை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது.

ஆடி முதல் புரட்டாசி வரை: ஜூலை நடு முதல் அக்டோபர் நடு வரை

அதிகம் பேசப்படாத காலம். என் கணக்கில் இரண்டாம் இடம் இதற்குத்தான்; மலை ஏற விரும்பும் இளைஞர்களுக்கு முதலிடமே கொடுப்பேன்.

கடலோர மாவட்டங்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கின்றன. வேலூர் அப்படியில்லை, தென்மேற்குப் பருவக் காலத்திலும் நல்ல மழை கிடைக்கிறது. பகலெல்லாம் பாறைகள் சூடேறும். நான்கு மணிக்கு மேல் மலைப்பக்கம் மேகம் திரளும். ஐந்தரைக்குக் காற்று புழுதியைக் கிளப்பும், கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். பிறகு இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் கொட்டும். எட்டு மணிக்கு வெளியே வந்தால் ஊர் கழுவிவிட்டதுபோல் இருக்கும். அன்றிரவு தூக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா நாளும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். மழை வராத நாளில் புழுக்கம் இருக்கும்.

இதன் பொருள், கோடையின் கால அட்டவணையைச் சற்று மாற்ற வேண்டும். வெளியே பார்க்க வேண்டியதையெல்லாம் காலையில் முடித்துவிடுங்கள். மாலையைக் கூரைக்குக் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். மின்னலின்போது கோட்டை மதில் பக்கமோ திறந்த குன்றின்மீதோ நிற்கவே கூடாது.

வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஜூலை 10 ஒரு காரணம். 1806-இல் அந்த நாளின் விடியலுக்கு முன்புதான் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நினைவுத் தூணுக்கு அன்று மாலை அணிவிப்பார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு கிழமைகளைக் குறித்துக்கொண்டால் போதும். ஆடி வெள்ளியில் அம்மன் கோயில்கள் நிரம்பும், படவேடு போகும் பஸ்களில் நிற்கவும் இடம் இருக்காது. புரட்டாசிச் சனியில் சோளிங்கர். அங்கே யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். 2024 மார்ச் முதல் ரோப் கார் ஓடுவதால் முதியவர்களுக்கு வழி பிறந்திருக்கிறது. பலத்த காற்றிலும் மழையிலும் ரோப் காரை நிறுத்துவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை: அக்டோபர் நடு முதல் டிசம்பர் நடு வரை

இதில்தான் வெப்பநிலைப் பட்டியல் மிக அதிகமாக ஏமாற்றும். 28, 29 டிகிரி என்று பார்த்ததும் மனம் மயங்கும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகாத வாரத்தில் வந்தால் உண்மையிலேயே அருமையான பயணம்: குளிர்ந்த பகல், நிறைந்த அகழி, அமிர்தியில் விழும் அருவி. உருவாகும் வாரத்தில் வந்தால் அடைமழை.

2021 நவம்பரில் அதைக் கண்ணால் பார்த்தோம். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியாக வருகிறது. மேலே பெய்தாலும் இங்கே வெள்ளம் வரும். கோட்டை அகழி பெருகி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. அடுத்த மாதம், டிசம்பரில், திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் பாதிப்பு ஏற்பட்டு, காட்பாடி வழியாகச் சென்னை போகும் பல ரயில்கள் ரத்தாயின. மழை நின்று வானம் வெளுத்த பிறகும் பயணம் தடைபடலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டோம். இந்தக் காலத்தில் வருபவர்கள் திரும்பும் டிக்கெட்டுக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் திருவண்ணாமலைக் கூட்டம் வேலூர் பஸ் நிலையத்திலும் தெரியும். கார்த்திகையின் கடைசி ஞாயிறான கடைஞாயிறு விரிஞ்சிபுரம் கோயிலுக்கு உரியது. குழந்தை வரம் வேண்டி நள்ளிரவிலிருந்து பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் நீராடக் காத்திருப்பார்கள். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று பேர்பெற்ற அந்த மதிலை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாளில் போங்கள்.

ஆகவே இது அருகில் இருப்பவர்களின் பருவம். சென்னை, பெங்களூரு, திருப்பதிக்காரர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு முந்தைய நாள் முடிவு செய்யலாம். இரண்டு மாதம் முன்பே ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியவர்கள் வேறு மாதம் பார்ப்பது நல்லது.

மார்கழி: அரையாண்டு விடுமுறையும் புத்தாண்டும்

வானிலை தை மாதத்துக்கு ஏறக்குறைய நிகர். மழையின் வால் மட்டும் சில ஆண்டுகளில் நீளும். சிக்கல் கூட்டம்தான். ஐயப்ப பக்தர்களும் மேல்மருவத்தூர் போகும் பக்தர்களும் வழியில் ஸ்ரீபுரம் வருவார்கள், பள்ளிப் பிள்ளைகளின் குடும்பங்களும் சேர்ந்துகொள்ளும். ஜனவரி 1 அன்று பொற்கோயில் வரிசையில் மூட்டு வலிக்காரர்களை நிறுத்துவது பாவம்.

பார்வைக்கு எளிதாக ஓர் அட்டவணை:

| காலம் | நண்பகல் தரை | இரவு | மழை | கூட்டம் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|---|
| தை, மாசி | நடக்கலாம் | குளிர் | அரிது | நடுத்தரம். மயானக் கொள்ளை தவிர | முதியவர்கள், முதல் முறை வருபவர்கள் |
| சித்திரை முதல் ஆனி | செருப்பின்றி நடக்க இயலாது | புழுக்கம் | எப்போதாவது இடிமழை | அதிகம் | வேறு விடுமுறை இல்லாதவர்கள், விழா பார்ப்பவர்கள் |
| ஆடி முதல் புரட்டாசி | காலையில் நன்று | மழை பெய்தால் சுகம் | மாலையில் | வெள்ளி, சனி மட்டும் | இளைஞர்கள், மலை ஏறுபவர்கள் |
| ஐப்பசி, கார்த்திகை | நன்று | குளிர்ச்சி | நாள்கணக்கில் | தீபத்தை ஒட்டி அதிகம் | அருகிலுள்ள ஊர்க்காரர்கள் |
| மார்கழி | நன்று | குளிர் | சில ஆண்டுகளில் | மிக அதிகம் | பிள்ளைகளோடு வரும் திடமானவர்கள் |

சித்திக்கு மூட்டு வலி, பனியில் மூச்சும் வாங்கும். அதனால் மேயும் வேண்டாம், மார்கழியும் வேண்டாம் என்று சித்தி மகளிடம் சொன்னேன். மாசி இரண்டாம் வாரம், சிவராத்திரிக்கு முன்னால், பிள்ளைகள் பள்ளிக்கு ஒரே ஒரு நாள் லீவு போட்டால் போதும். வெள்ளிக்கிழமை வந்து சேர்கிறார்கள். அன்று கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆகவே வெள்ளி மாலை ஸ்ரீபுரம், சனிக்கிழமை சோளிங்கர் ரோப் கார், ஞாயிறு காலை பனி விலகிய பிறகு கோட்டை. லாட்ஜில் முதல் தளத்தில் அறை கேட்டிருக்கிறேன். சித்திக்குக் கனமான காலுறை ஒரு ஜோடி வாங்கி வைத்தாயிற்று.